கீழ்வீட்டுக்காரர்களின் கிழங்கு

வெல்ஷ் கடலோரத்து மோர்வ்ரான் தீவுக்கு வருகிறவர்கள் படகை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "புனிதர்கள் எங்கே இருக்கிறார்கள்?" இரண்டாவது, "கழிப்பறை எங்கே இருக்கிறது?" முதலாவதுக்கு "உருளைக்கிழங்குக்குக் கீழே" என்பேன். இரண்டாவதுக்கு "காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும்" என்பேன். இரண்டுமே உண்மை. இரண்டுக்கும் என் மேல் புகார் போயிருக்கிறது.

எனக்குப் பொய் வராது. அதை ஒரு நல்ல குணமென்று சொல்லிக்கொள்ளவில்லை. சிலருக்கு விசில் வராது, அதுபோல. ஒன்பது வயதில் எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்தார். ஆறு பிள்ளைகள் படிப்பதாகச் சொல்ல வேண்டுமென்று டீச்சர் பழக்கி வைத்திருந்தார். ஆய்வாளர் வரிசையில் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். "மூணு பேரு. மத்த மூணும் போன வருஷமே அக்கரைக்குக் குடி போயிட்டாங்க" என்றேன். அடுத்த ஜூலையில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அதோடு இன்னும் இரண்டு குடும்பம் தீவை விட்டுப் போயிற்று. "பள்ளிக்கூடத்த மூடினவ" என்பது ரொம்ப காலம் என் பெயர். பட்டம் வாங்கிய பிறகு அது "படிச்சவ" என்று ஆனது. சொல்கிற தொனி மட்டும் மாறவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பெயர் இத்தெல், படகோட்டி. பதினாலு வயதில் புத்தகத்தை மூடியவர். கறுப்பு அங்கியில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிற புகைப்படத்தைப் படகுக் கொட்டகையில், கடல் ஏற்ற இறக்க அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மிதவைச் சட்டை வாங்க வருகிற ஒருவரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

பூட்டிய அதே பள்ளிக்கூடத்தை இப்போது அருங்காட்சிக் கூடம் ஆக்குகிறார்கள். முன்பு தீவுக்குச் சொந்தக்காரராக இருந்த பிரபுவின் பேரன்களிடமிருந்து அதை வாங்கிய அறக்கட்டளை ஆக்குகிறது. தீவின் வரலாற்றை ஐந்து பலகைகளில் எழுதித் தரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதல் பலகை புனிதர்கள், முன்னூறு சொல். அடுத்தது மடத்துத் துறவிகள். மூன்றாவது, மடத்தைக் கலைத்த ராஜாவும் அதற்குப் பிறகு இங்கே பதுங்கிய கடற்கொள்ளையரும். நான்காவது பிரபு. கடைசிப் பலகை பறவைகளுக்கு, அதுவும் முன்னூறு.

"இங்க வாழ்ந்த ஆளுங்க?" என்று போனில் கேட்டேன்.

நான்காவது பலகையின் அடியில் நாற்பது சொல் இடமிருப்பதாகச் சொன்னார்கள்.

ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு நாற்பது சொல். ராஜாவின் ஆட்கள் மடத்தை இடித்துப் போட்ட கல்லில்தான் பக்கத்துப் பண்ணை நெஸ்ட்டா அத்தையின் மாட்டுத்தொழுவம் நிற்கிறது. சுவரில் ஒரு தேவதை முகம், கறவை மாட்டின் வாலுக்கு நேராக. அந்த முகத்தைத் தினமும் கழுவுகிறது யார் என்று எந்தப் பலகையில் எழுத? கொள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தது யார்? பிரபு எங்கள் வீடுகளுக்கெல்லாம் பெரிய ஜன்னல் வைத்துக் கொடுத்தார் என்று பெருமையாக எழுதச் சொன்னார்கள். வைத்தார்தான், தென்மேற்குப் பார்த்து. அவர் தன் உல்லாசப் படகில் படுத்துக்கொண்டு பார்க்கும்போது தீவு அழகாகத் தெரிய வேண்டும் என்று. அந்த ஜன்னல் வழியாக நூற்று நாற்பது வருடமாக மழை எங்கள் சோற்றுத்தட்டுக்குள் வருகிறது.

குளிர்காலத்தில் தீவில் நாங்கள் நாலே பேர். நானும் அப்பாவும் கீழே துறையில். மேல்பண்ணையில் நெஸ்ட்டா அத்தையும் எல்வெட் மாமாவும். உறவென்று ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து வயதில் அம்மா போனதிலிருந்து எனக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அத்தைக்கு அறுபது வயது. சின்ன உருவம், மம்பட்டிக் கை மாதிரிக் கை. மாமாவுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. ஒரு காலை முன்னால் அனுப்பிவிட்டு மற்றதைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். இரண்டு கறவை, பன்னிரண்டு காளைக்கன்று, ஐம்பது ஆடு. எல்லாவற்றுக்கும் தாய் மேல்வயல். மூன்று ஏக்கர். மேற்குப் பாதியில் ஓட்ஸ், கிழக்குப் பாதியில் கிழங்கு, மறு வருடம் மாற்றி. வைக்கோலும் சின்னக் கிழங்கும் இருந்தால்தான் மாடு பனிக்காலத்தைத் தாண்டும். மாடு தாண்டினால்தான் குத்தகை. "உழவுப் பண்ணையாக நடத்தும் வரை" என்று அறக்கட்டளை தந்த குத்தகைப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தக் குத்தகை போன நவம்பர் முதல் தேதியோடு முடிவதாக இருந்தது.

அந்த வயலில் மண்வெட்டியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் எலும்பு வரும். மேல்வயல் மட்டும் அப்படித்தான். புனிதரோ, துறவியோ, துறவிக்குக் கஞ்சி காய்ச்சியவனோ, கரை ஒதுங்கிய மாலுமியோ, யார் கண்டது. தீவில் அவர்களைக் கீழ்வீட்டுக்காரர்கள் என்பார்கள். எலும்பு வந்தால் கூச்சல் போடக் கூடாது. ஒரு மண்வெட்டி ஆழம் இன்னும் தோண்டி, வந்ததைத் திரும்பப் படுக்க வைத்து, அந்தச் செடியில் கிடைத்த கிழங்கில் பெரியதாக ஒன்றை மேலே வைத்து மண்ணை மூட வேண்டும். "மன்னிச்சுக்குங்க, மேல கொஞ்சம் வேலை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சின்னக் கிழங்கு வைத்து ஏமாற்றக் கூடாது. புனிதருக்கும் ஒன்று, கொள்ளைக்காரனுக்கும் ஒன்று.

இதைத்தான் நான் எழுதித் தொலைத்தேன்.

மூன்றாம் வருட ஆய்வேடு. எல்லாரும் ராஜாக்களை எழுதினார்கள், நான் கிழங்கை எழுதினேன். கோபத்தில் எழுதினேன். எங்கள் ஆட்களும் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று காட்ட எழுதினேன். நெஸ்ட்டா அத்தையைக் கையைப் பிடித்து வயலெல்லாம் நடக்க வைத்து, அவர் சுட்டிய இடத்திலெல்லாம் குச்சி நட்டுக் கயிறு பிடித்து அளந்து, இருபத்துமூன்று குறிகளோடு ஒரு வரைபடம் போட்டேன். முதல் வகுப்புக் கொடுத்தார்கள். ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் தூங்கும் என்று நினைத்தேன். தூங்கவில்லை. நாலு வருடம் கழித்து, போன செப்டம்பரில், அறக்கட்டளையிலிருந்து மேல்பண்ணைக்குக் கடிதம் வந்தது. மேல்வயல் ஒரு தொன்மையான இடுகாடு என்று வரைபடச் சான்று கிடைத்திருப்பதால், குழு நேரில் வந்து முடிவு செய்யும் வரை குறிகள் உள்ள கிழக்குப் பாதியில் மண்வெட்டி படக் கூடாது.

கிழக்குப் பாதியில்தான் அந்த வருடக் கிழங்கு. தோண்டாமல் மண்ணுக்குள் ஆறு வாரம் கிடந்தது. மேற்குப் பாதி ஓரத்தில் வீட்டுக்கென்று போட்டிருந்த நாலு வரிசைதான் மிச்சம்.

கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டியது நான்தான். "வரைபடச் சான்று" என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அத்தை, "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று எழுந்து போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, குழு வந்தது. நாலு பேர். தலைவர் முனைவர் ப்ரோதரோ, உயரமாக, ஈரமே படாத மாதிரி ஒரு மழைக்கோட்டில். ஒரு வக்கீல் அம்மா. பறவைகளைக் கணக்கெடுக்கிற ஒரு பறவைக்காரர். எதற்கென்று தெரியாத ஒரு கிழவர், வந்ததிலிருந்து தும்மினார். மூன்று மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

"ரெண்டு மணி நேரம்னா கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார் அப்பா. "மூணுன்னா காத்தக் கேளுங்க, என்னக் கேக்காதீங்க."

முனைவர் ப்ரோதரோ புத்தகத்தில் படித்த வெல்ஷ் மொழியில் பேசினார். பிரசங்க மேடையில் நிற்பவர் மாதிரி.

"அம்மையீர், தங்கள் இல்லத்தினுள் நுழைய அனுமதி உண்டா?"

நெஸ்ட்டா அத்தை என்னைப் பார்த்தார். "என்னடி இவரு, வேதப் புஸ்தகம் பேசுது?"

"உள்ள வரலாமான்னு கேக்கறாரு."

"மழை பேயுது, வராம வெளிய நின்னு என்ன செய்யப் போறாரு? பூட்ஸக் கழட்டச் சொல்லு."

சமையலறை மேசையில் என் வரைபடத்தை விரித்தார்கள். நகல் எடுத்து, வண்ணம் தீட்டி, கண்ணாடித்தாள் போட்டிருந்தார்கள். என் கையெழுத்து அதன் மூலையில்.

"ஏழாம் குறி," என்று வாசித்தார் முனைவர். "கிழக்குச் சுவரிலுள்ள வெண்கல்லுக்கு நேராக ஒன்பது தப்படி. தாடை எலும்பு, பற்களுடன். எவ்வளவு துல்லியம்! தாங்கள்தானே இதை வரைந்தவர்?"

"ஆமா" என்றேன்.

"தாங்கள் இத்தீவுக்குப் பெருந்தொண்டு ஆற்றியிருக்கிறீர்கள்."

எல்வெட் மாமா கணப்பில் ஒரு கட்டையைப் போட்டார். தேவைக்கு மேல் பலமாகப் போட்டார்.

"ஐயா," என்றார், "நாங்க எட்டு அங்குலம்தான் தோண்டறோம். அவங்க ரெண்டு அடிக்குக் கீழ. யாருக்கும் எடஞ்சல் இல்ல. எங்க அப்பா காலத்துல, அவங்க அப்பா காலத்துல..."

"புரிகிறது. ஆயினும் இனி அந்நிலத்தைப் புல்வெளியாக விடுவதே முறை. மேற்குப் பாதியும் ஐயத்துக்குரியதே."

"புல்லா விட்டா மாடு?"

"மாடுகள் அத்தியாவசியமா என்பதையும் குழு பரிசீலிக்கும்."

"மாடு இல்லன்னா குத்தக இல்லன்னு உங்க பத்திரத்துலயே இருக்கே!"

"அதுவும் பரிசீலனையில் உள்ளது."

வக்கீல் அம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேனாச் சத்தம் இருக்கிறதே. நான் எழுந்து வெளியே வந்து தொழுவத்துத் தேவதை முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கும் என் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை போலிருந்தது.

அவர்கள் வயலைப் பார்த்து, மடத்தின் இடிந்த கோபுரத்தைப் பார்த்து, நீர்க்காகங்களை எண்ணி முடிப்பதற்குள் கச்சான் காற்று இறங்கிவிட்டது. தென்மேற்கிலிருந்து, பிரபுவின் ஜன்னல்களுக்கு நேராக. தீவுக்கும் அக்கரைக்கும் நடுவிலுள்ள இடைக்கடலில் நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே முட்டி வெள்ளைச் சுவராக எழும்பியது.

"எப்போது புறப்படலாம்?" என்றார் முனைவர்.

"வெள்ளிக்கிழம" என்றார் அப்பா. "இல்லன்னா ஞாயித்துக்கிழம."

"அது சாத்தியமற்றது. எனக்கு நாளை சொற்பொழிவு இருக்கிறது."

"அப்ப நீந்தணும்."

இப்படியாக நாலு பெரிய மனிதர்களும் மேல்பண்ணையின் தலையில் விழுந்தார்கள். நாலு பேர் சாப்பாட்டுக்கு எட்டு பேர் ஆனோம். மளிகை வர வேண்டிய படகும் அதே கடலுக்கு அந்தப் பக்கம் நின்றது. புதன்கிழமை காலை ரொட்டி தீர்ந்தது. உப்பு மீன் பீப்பாயின் அடி தெரிந்தது. மத்தியானம் அத்தை உருளைக்கிழங்கை வேகவைத்து, உடைத்து, குளிர்ந்த மோரை ஊற்றி உப்புப் போட்டுக் கிண்ணத்தில் வைத்தார். தீவில் தினப்படி அதுதான் சாப்பாடு.

வக்கீல் அம்மா மெதுவாகக் கேட்டார், "இதுக்கு அப்புறம் என்ன?"

"இதுக்கு அப்புறம் கிண்ணத்தக் கழுவணும்" என்றார் அத்தை.

வியாழக்கிழமை, மேற்கு ஓரத்து வரிசையில் கடைசிச் செடியையும் பிடுங்கியாயிற்று. பறவைக்காரர்தான் தோண்டினார். நல்ல மனிதர், ஆனால் மண்வெட்டியால் கிழங்கையெல்லாம் பாதியாக வெட்டி வைத்தார். சாயங்காலம் ஆளுக்கு இரண்டு கிழங்கு. பக்கத்திலேயே கிழக்குப் பாதி முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் அழுகிக்கொண்டு கிடந்தது. நாங்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிழங்கைத் தின்றோம்.

"ஒரே ஒரு வரிசை?" என்று தும்மிக்கொண்டே கேட்டார் கிழவர்.

"ஒரு மண்வெட்டி கூடாது" என்றார் முனைவர். "இருபத்துமூன்று குறிகள், நண்பரே."

ஆள் பசியிலும் கொள்கையை விடவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. எரிச்சலும் அதனால்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை காலை பால் கறக்கிற நேரம். காற்று லேசாகத் தணிந்திருந்தது. அடுத்து நீரோட்டம் நிற்கிற நேரத்துக்குப் படகு போய்விடும் என்று அப்பா சொல்லியிருந்தார். போனால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் தேதி, குத்தகை முடிகிற நாள். நான் தொழுவத்துக்குப் போய் அத்தைக்கு எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"அத்தை, என்னால வந்த வினை இது."

"நவுந்து ஒக்காரு, அவ ஒதைப்பா."

"நான் அந்தப் படத்தப் போட்டிருக்கக் கூடாது."

"போடாம இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்." கறக்கிற கை நிற்கவில்லை. "அதுவும் தப்பாப் போட்டிருக்க வேணாம்."

"தப்பாவா?"

"இருபத்துமூணும் தப்புடி."

மாடு வாலைச் சுழற்றியது. எனக்குப் புரியவில்லை.

"நீங்கதான காட்டினீங்க?"

"காட்டினேன். நீ குச்சியும் கயிறுமா வந்து நின்ன. எனக்கு அன்னிக்கு வெண்ண எடுக்கணும். கன்னுக்குட்டிக்கு வயித்தால வேற. நீ இங்க யாரு, அங்க யாருன்னு உசுர எடுத்த. சரி, புள்ள பரீட்சைக்குக் கேக்குதேன்னு கால் போன எடத்துல எல்லாம் இதோ இதோன்னு சொல்லிவச்சேன்."

"வெள்ளக் கல்லுக்கு நேரா ஒன்பது தப்படி எண்ணி நடந்தீங்களே!"

"எண்ணி நடந்தாதான நீ நம்புவ. படிச்சவளாச்சே."

நான் எழுந்துவிட்டேன். வாளி உருண்டது. "நாலு வருஷம் அத்தை! நாலு வருஷம் அத வச்சுத்தான் நான் பட்டம்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்! எத்தன பேரு முன்னாடி அதப் பத்திப் பேசியிருக்கேன்! பொய்யா? அத்தனையும் பொய்யா?"

"கத்தாத. பாலு நின்னுரும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கல." அவர் காம்பை ஒரு தடவை கடைசியாக இழுத்துவிட்டு எழுந்தார். "இப்பவும் நான் ஒண்ணும் யாருகிட்டயும் சொல்லச் சொல்லலையே. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். அந்த வாளிய எடு."

துறை வரைக்கும் நடந்து போனேன், திரும்பி வந்தேன். கோபம் வடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. குறி தப்பென்றால் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் தடை இல்லை.

சமையலறையில் எல்லாரும் ஓட்ஸ் கஞ்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார், படகு நேரம் சொல்ல வந்தவர். நான் உட்காரவில்லை.

"அந்த வரைபடம் தப்பு" என்றேன்.

முனைவரின் கரண்டி நின்றது. "என்ன சொல்கிறீர்கள்?"

"இருபத்துமூணு குறியும் தப்பு. நான் ஒரு எடத்துல கூடத் தோண்டிப் பாக்கல. பாக்காமலே எழுதிட்டேன்."

"தங்களுக்குத் தகவல் தந்தவர்கள் தவறாகச் சொன்னார்களா?"

"சரிபாக்க வேண்டியது நான். பாக்கல. தப்பு என்னுது."

அவர் அத்தை பக்கம் திரும்பினார். "அம்மையீர், இது உண்மையா?"

நெஸ்ட்டா அத்தை அடுப்பில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "அவதான் படிச்சவ. அவளக் கேளுங்க."

"இவ பொய் சொல்ல மாட்டா" என்றார் எல்வெட் மாமா. "பள்ளிக்கூடத்தையே மூடினவ."

கிழவருக்கு யாரோ அந்தக் கதையை ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். தும்மலுக்கு நடுவில் சிரித்தார். முனைவர் சிரிக்கவில்லை. கண்ணாடித்தாள் போட்ட வரைபடத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மனிதர் அதை நேசித்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இதனால் தங்கள் பட்டத்துக்கு என்ன நேரும் என்று தெரியுமா?"

"தெரியும்."

"நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதியாக வேண்டும். பலகைகளையும் வேறொருவரிடம்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. பிரபு ஜன்னல் வச்ச கதைய அவங்களாவது ஒழுங்கா எழுதட்டும்."

வக்கீல் அம்மா தொண்டையைச் செருமினார். "தலைவர் அவர்களே, தடைக்கு வேற ஆதாரம் ஒண்ணும் நம்ம கோப்புல இல்ல. குத்தகை ஞாயித்துக்கிழமையோட முடியுது. கூட்டம் நடத்தப் போதுமான ஆள் இங்கயே இருக்கோம்."

"எனக்குப் பசிக்குது" என்றார் பறவைக்காரர். கூட்டத்தில் அதுவும் பதிவாயிற்று என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரத்தில் கஞ்சிக் கிண்ணங்களுக்கு நடுவே எழுதி முடித்தார்கள். வரைபடம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மேல்வயலின் இரு பாதியிலும் பயிரிடத் தடையில்லை. மேல்பண்ணைக் குத்தகை ஏழு வருடம் நீட்டிக்கப்படுகிறது. நாலு கையெழுத்து. முனைவருடையது கடைசியாக, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி. எல்வெட் மாமா தன் பெயரை எழுதிவிட்டு, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தார்.

அப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். வாசலில் என்னைத் தாண்டும்போது கேட்டார்.

"அப்ப அந்தப் போட்டோவ எறக்கிரணுமா?"

அவர் துறைக்கு இறங்கிப் போனார்.

"படகுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றார் அத்தை. "வெறும் கஞ்சியோட இடைக்கடல்ல போனா கொடல் வெளிய வந்துரும். ஒரு சட்டி கிழங்கு போட்டுத் தர்றேன்."

"நானும் தோண்ட வருகிறேன்" என்று எழுந்தார் முனைவர்.

"விருந்தாளி தோண்டக் கூடாது. நீங்க நெருப்புகிட்ட ஒக்காருங்க. லினெட்டு," என் பக்கம் திரும்பினார், "நீ போ. மாமாவக் கூட்டிட்டுப் போ."

பொடி மழை. மாமா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். எங்கே ஆரம்பிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. நேராகக் கிழக்குச் சுவருக்குப் போனேன். வெள்ளைக் கல். முதுகைச் சாய்த்து நின்று ஒன்பது தப்படி எண்ணினேன். நாலு வருடமாக என்னை முட்டாளாக்கிய இடத்தை முதலில் கிளறிப் போட்டுவிட வேண்டும் என்று அவ்வளவு வெறி. மண் கனத்துக் கிடந்தது. முதல் செடியில் ஏழெட்டுக் கிழங்கு வந்தது. பாதி அழுகல், மீதி நல்ல சிவப்பு. கோபத்தில் மண்வெட்டியை முழு ஆழத்துக்கு மிதித்தேன். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை இறங்கவில்லை.

கல்லில் பட்டால் கணீரென்று கேட்கும். இது கேட்கவில்லை.

குனிந்து கையால் மண்ணை விலக்கினேன். பழுப்பு நிறத்தில், தேநீர்க்கறை படிந்த கோப்பை மாதிரி. தாடை எலும்பு. பற்கள் எல்லாம் தட்டையாகத் தேய்ந்து, வரிசை குலையாமல். அதன் மேலே, போன தடவை யாரோ வைத்த கிழங்கின் மக்கிப்போன கறுப்புத் தோல்.

ஏழாம் குறி. தாடை எலும்பு, பற்களுடன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கு விசில் நன்றாக வரும். அப்போதும் அடித்தார். நெஸ்ட்டா அத்தை வாளியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார், அவசரமே இல்லாமல்.

"அத்தை."

"ம்."

"இது என்ன?"

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீதான் படம் போட்டவ. உனக்குத் தெரியாததா?"

"தப்புன்னீங்க. எல்லாம் தப்புன்னீங்க! நான் அங்க அத்தன பேரு முன்னாடி..."

"தப்புன்னு உனக்குத் தெரிஞ்சதத்தான சொன்ன? உன் வாயிலேருந்து வந்தது ஒண்ணும் பொய் இல்ல." வாளியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிருந்தா உனக்கு வந்திருக்குமா?"

வந்திருக்காது. அதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார். ஆய்வாளர் முன்னால் நின்ற ஒன்பது வயதுக்காரியை அந்தப் பொம்பளை மறக்கவே இல்லை.

தாடை எலும்பு என் இரண்டு கையிலும் இருந்தது. ஈரமாக, எதிர்பார்த்ததை விட லேசாக. அதைத் தூக்கிக் காட்டினால் போதும். என் வரைபடம் சரி. என் முதல் வகுப்பு சரி. ஐந்து பலகையும் திரும்ப என் கைக்கு வரும். அப்பா ஆணியிலிருந்து எதையும் கழற்ற வேண்டாம். வீட்டுக்குள் மேசையில் நாலு கையெழுத்தும் இன்னும் காய்ந்திருக்காது.

படல் கதவு கிரீச்சிட்டது. முனைவர் ப்ரோதரோ. நெருப்பு பக்கத்தில் உட்கார முடியவில்லை போலிருக்கிறது. மாமாவின் எண்ணெய்க் கோட்டைப் போட்டிருந்தார், கை முழங்கையோடு நின்றுவிட்டது. படலைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது தப்படி தள்ளி நின்று, காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டார்.

"ஏதேனும் கிட்டியதா?"

அத்தை குனிந்து, நான் தோண்டிப் போட்ட கிழங்குகளைப் புரட்டினார். சின்னதை ஒதுக்கினார். அழுகலை ஒதுக்கினார். இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை எடுத்துப் பாவாடையில் துடைத்து என் பக்கமாக நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் குழியில் முழங்காலிட்டு இன்னும் ஒரு மண்வெட்டி ஆழம் பறித்தேன். தாடையை உள்ளே படுக்க வைத்தேன். கிழங்கை மேலே வைத்தேன். மண்ணைத் தள்ளினேன். மன்னிச்சுக்குங்க, மேல கொஞ்சம் வேலை.

"கிழங்குதான்" என்றேன்.

"காத்துல அவருக்குக் கேக்கல" என்றார் அத்தை.

எழுந்து நின்று, கையை வாயருகே குவித்துக்கொண்டு, திரும்பவும் கத்தினேன். "கிழங்குதான் ஐயா! வேற ஒண்ணும் இல்ல!"

இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.